டாம்பு என்று எழுதிய இரவுகள்

போலீஸ் சங்க அலுவலகச் சுவரில் நிலுவைப் பட்டியலை ஒட்டிய வெள்ளிக்கிழமை காலையில், ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஹுல்டா கெமோங் தன் பேருக்கு நேரே இருந்த தொகையை மூன்று தடவை படித்தாள். இருநூற்றுப் பதினொரு கினா, ஐம்பது தோயா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தொளதொள மேல்சட்டையின் ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் படித்தாள். கண்ணாடியில் ஒரு கோளாறும் இல்லை.

ஒரு வரி கீழே, அவளோடு அதே சாங்கோ நிலையத்தில் வேலை பார்த்த கான்ஸ்டபிள் உக்குமாவின் பேர். அவனுக்கு நாலாயிரத்து ஐம்பது கினா. ராத்திரி டூட்டியில் உக்குமா விட்ட குறட்டைக்குப் பயந்து நிலையத்து நாய் கடற்கரைக்குப் போய்ப் படுத்த கதை லாயே நகரம் வரைக்கும் பிரசித்தம். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தன் தொகையைப் பார்த்து வந்த சிரிப்பு, அவளுடைய தொகையைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா, அச்சுல ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றான்.

"தப்பெல்லாம் தேடிப்பிடிச்சு என் வரியிலதான் வந்து விழுமா?" என்றாள் ஹுல்டா.

பதினோரு வருஷத்து ராத்திரி டூட்டிப் படி அது. 1993 முதல் 2003 முடிய, ஒரு ராத்திரிக்கு நாலரை கினா வீதம் தர வேண்டியதை அரசாங்கம் தரவில்லை. சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு பதிமூன்று வருஷம் நடந்தது. கடைசியில் சமரசம் என்று கையெழுத்தானபோது சங்கத் தலைவர்கள் பன்றி அடித்து, ரிப்பன் வெட்டி, பத்திரிகைக்குப் படம் கொடுத்தார்கள். மொத்தத் தொகை எத்தனை லட்சம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் இன்னும் இரண்டரை வருஷத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நிலையத்தின் பழைய டூட்டிப் புத்தகத்தையும் தலைநகருக்கு வரவழைத்து, யார் எத்தனை ராத்திரி நின்றார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் கடற்கரை நிலையங்களில் மட்டும் ஒன்பது பேர் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஒன்பது வீட்டிலும் விருந்துக்கு வந்த தலைவர் ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை.

ஹுல்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருநூற்றுப் பதினொன்றரையை நாலரையால் வகுத்தால் நாற்பத்தேழு. பதினோரு வருஷத்தில் அவள் நின்றது நாற்பத்தேழு ராத்திரியாம்.

சாங்கோவில் நாலே நாலு பேர்தான் போலீஸ். அவர்களில் பெண் அவள் ஒருத்தி. பொழுது சாய்ந்த பிறகு நிலையத்துக்கு ஓடி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். குடித்துவிட்டு வந்த புருஷனிடம் அடி வாங்கினவர்கள், கத்திவெட்டோடு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு மலை தாண்டி நடந்து வந்தவர்கள். அவர்கள் ஆம்பிளைப் போலீஸிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் டூட்டி யாருடையதாக இருந்தாலும் கதவைத் திறந்தது ஹுல்டா. பிறகு நிலையப் பொறுப்பாளரே, யாருக்கு எதற்கு வீண் சிரமம் என்று, வாரத்தில் ஐந்து ராத்திரியை அவள் பேரிலேயே போட்டுவிட்டார். ஒருமுறை, கை மணிக்கட்டு தொங்கிப்போய் வந்த ஒரு பெண்ணைத் துணியால் கட்டிப் படகில் ஏற்றி, அலையோடு மல்லுக்கட்டி, ஆறு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அந்தக் கை இன்றைக்கும் கிழங்கு நடுகிறது. தன் சொந்த மகள் நடக்கப் பழகியதை மட்டும் ஹுல்டா பார்க்கவில்லை. அவள் பகலில் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை நடந்துவிட்டது.

பணமும் வேண்டும்தான். சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறவளுக்குப் பணம் கசக்குமா? ஆனால் அந்த நாற்பத்தேழு என்ற எண்ணுக்காகத்தான் அவள் செயலாளரின் அறைக்குள் போனாள்.

சங்கச் செயலாளர் பியாவு நல்ல மனுஷன்தான். ஆனால் யாரோடும் சண்டைக்குப் போகாமலே பதவியைக் காப்பாற்றி வந்தவன். புத்தகத்தில் அவள் பேர் இருப்பதே நாற்பத்தேழு இடத்தில்தான் என்று, தலைநகர் அனுப்பிய தாளைக் காட்டினான். மற்ற ராத்திரிகளில் சாங்கோ நிலையத்தில் நின்றது யாரோ ஒரு டாம்பு. அப்படி ஒரு போலீஸ்காரர் பட்டியலிலேயே இல்லை என்பதால் அந்த டாம்புவுக்கு யாரும் படி தரப் போவதில்லை.

ஹுல்டா அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு எல்லாம் விளங்கியது.

டூட்டிப் புத்தகத்தை எழுதியவர் நிலையப் பொறுப்பாளர். ஹுல்டா புதிதாக வந்த காலத்தில் அவர் அவளை வாய் நிறையப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்தான். அப்புறம் அவருடைய தம்பி நாமுன், படகு எஞ்சின் பழுதுபார்க்க நிலையத்துக்கு வந்து போனவன், அவளைப் பார்த்தான், பேசினான், 1992 கடைசியில் கட்டிக்கொண்டான். பெண்ணுக்குப் பரிசமாக வந்த பன்றிகளைக் கம்பத்தில் கட்டிய நாளோடு அவருடைய வாய் அவள் பேருக்கு மூடிக்கொண்டது. அவள் வாய் அவர் பேருக்கு மூடிக்கொண்டது. அந்தக் கரையில் கொண்டான் கொடுத்தான் உறவில் யாரும் யாரையும் பேர் சொல்வதில்லை. டாம்பு என்று அழைப்பார்கள், அவ்வளவுதான். ஞானஸ்நானப் பேரும் அதில் சேர்த்தி. இந்தக் கதையும் அவள் பக்கமிருந்து சொல்வதால், அவர் பேர் இதில் வராது. மூத்தவர் என்றே வைத்துக்கொள்வோம்.

வாயால் சொல்லாததை மூத்தவர் கையாலும் எழுதவில்லை. ராத்திரி டூட்டி: டாம்பு. மறுநாளும் டாம்பு. அந்த நிலையத்தில் அது யார் என்று தெரியாதவர் ஒருவரும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு மூத்தவர் லீவில் போன நாட்களில் மட்டும் புத்தகம் உக்குமாவின் கைக்கு வந்தது. அவனுக்கு அவள் உறவில்லை. அதனால் அவள் பேரையே எழுதினான். பல வருஷம் லீவே கிடைக்காததால் அப்படி எழுதியது மொத்தம் நாற்பத்தேழு ராத்திரி.

"சம்பளச் சீட்டுல என் பேரு இருந்துச்சா இல்லியா?" என்று பியாவுவைக் கேட்டாள் ஹுல்டா.

இருந்தது என்றான்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ சங்கத்துக்குச் சந்தா புடிச்சீங்களே. அத டாம்பு பேர்லயா புடிச்சீங்க, என் பேர்லயா?"

பியாவு மேஜை மேல் இருந்த பாக்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். உரித்து முடித்துவிட்டு, வழி ஒன்று இருக்கிறது என்றான். புத்தகத்தை எழுதியவர் நேரில் வந்து, எழுதிய ஒவ்வொரு பதிவும் யாரைக் குறிக்கிறது என்று பேரோடு தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் பதினாறாம் தேதி தலைநகரிலிருந்து அதிகாரி வருகிறார், ஒரே நாள்தான். இதைச் சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன கேட்கிறோம் என்று அவனுக்கும் தெரியும்.

மூத்தவர் சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார். வயது எழுபத்தாறு. ஹுல்டா மோட்டார் படகில் அரை நாள் பயணம் செய்து, உப்பில் ஊறிய துணியோடு போய் இறங்கினாள். கொண்டுபோன அரிசியையும் டின் மீனையும் ஓரகத்தி ரஹேலிடம் கொடுத்தாள். மூத்தவர் வழக்கம்போல அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றார். ரஹேல் நடுவில் உட்கார்ந்து கிழங்கு உரித்தாள். பேச்செல்லாம் ரஹேலைப் பார்த்தே நடந்தது.

ஹுல்டா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய வாய் மெல்லுவது நின்றது.

"அக்கா, நான் அவரப் பேரு சொல்லச் சொல்லிக் கேக்க வரல" என்றாள் கடைசியில். "அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். என்ன செய்யலாம்னு கேக்கத்தான் வந்தேன்."

பேரைச் சொல்லிவிட்டால் ஒரு பன்றியைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது புருஷன் உயிரோடு இருக்கும் வரையில். நாமுன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவன் இல்லாத நேரத்தில் அவன் பெண்டாட்டியின் பேரைச் சொல்வது, சொந்தத் தம்பியின் குழி மேல் ஏறி நிற்பதற்குச் சமம். அப்புறம் மூத்தவர் ஹுல்டா வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

"மரியாதைன்னு நெனச்சு எழுதினேன்" என்றார் மூத்தவர், கடலைப் பார்த்து. "என் மரியாதைக்கு அவ கூலியக் குடுத்திருக்கா."

ரஹேல் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு மூத்தவர், அந்தப் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றனவா, அதிகாரி அவற்றைக் கையோடு கொண்டு வருவானா என்று மனைவியைக் கேட்டார். கொண்டு வருவான் என்று ஹுல்டா மனைவிக்கே பதில் சொன்னாள்.

"அப்ப நான் வர்றேன்னு சொல்லு" என்றார். வந்து என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லவில்லை. ஹுல்டாவும் கேட்கவில்லை. படகில் திரும்பும்போது வழி நெடுக அவளுக்கு மனசு ஆறவில்லை. பேர் தெரியாதவன் யாரும் இல்லாத ஒரு ஊரில், எழுபத்தாறு வயசுக் கிழவரின் வாயைப் பிளந்து பேரைப் பிடுங்கச் சொல்கிறார்களே என்று கோபம் கோபமாக வந்தது.

பதினாறாம் தேதி சங்கக் கூடத்தில் முப்பது நாற்பது பேர். எல்லோரும் ஓய்வுபெற்ற ஆட்கள், சிலர் பழைய தொப்பியோடு வந்திருந்தார்கள். அதிகாரியின் பேர் எலிசன் டோவாரா. கிழக்கே தீவுப் பக்கத்துக்காரன், நாற்பது வயசு இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. மேஜை மேல் சாங்கோ நிலையத்தின் பதினோரு புத்தகங்களும் அடுக்கியிருந்தன. இதே போல இன்னும் ஆறு நிலையத்து ஆட்களைப் பார்க்க வேண்டும், சாயங்கால விமானத்தைப் பிடிக்க வேண்டும், சுருக்கமாக முடிப்போம் என்று ஆரம்பித்தான்.

மூத்தவர் எழுந்து நின்றார். டோவாரா எழுதத் தயாராகப் பேனாவை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் டாம்பு என்று எழுதியிருப்பது யார், முழுப் பேரையும் சொல்லுங்கள் என்றான். முன்பெஞ்சில் இருந்த ஹுல்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒவ்வொரு பதிவும் யாருன்னு சொல்லணும்னு போட்டிருக்கே" என்றார் மூத்தவர். "அப்ப ஒவ்வொண்ணாப் படிக்கிறேன்."

அதிகாரி வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் முதல் புத்தகத்தைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காலை அணிவகுப்பில் ஆஜர் கூப்பிடும் அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணு. ஜனவரி ரெண்டாம் தேதி ராத்திரி. கான்ஸ்டபிள் உக்குமா."

"இருக்கேன் சார்" என்றான் உக்குமா பின்னாலிருந்து, பழக்கதோஷத்தில். சிலர் சிரித்தார்கள்.

"ஜனவரி மூணாம் தேதி ராத்திரி. டாம்பு" என்று படித்த மூத்தவர், நிறுத்தினார். தலையைத் தூக்கவில்லை. விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. உக்குமாவுக்குத்தான் புரிந்தது. வாழ்க்கையில் அவன் தூங்காமல் இருந்த நேரங்களில் அது ஒன்று.

"ஹுல்டா கெமோங்" என்றான் சத்தமாக.

"ஜனவரி நாலாம் தேதி ராத்திரி. டாம்பு."

"ஹுல்டா கெமோங்." இந்தத் தடவை நாலைந்து குரல்.

"ஜனவரி அஞ்சு. டாம்பு."

"ஹுல்டா கெமோங்" என்றது கூடம்.

டோவாரா பேனாவை மேஜை மேல் தட்டினான். இது செல்லாது என்றான். எழுதியவரே தன் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை என்றான். பியாவு அவன் பக்கம் குனிந்து என்னவோ சமாதானம் சொல்லப் பார்த்தான். டோவாரா கையை அசைத்து அவனை உட்காரச் சொன்னான். பெரியவர் ஒரே ஒரு தடவை பேரைச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும், இல்லையென்றால் நாற்பத்தேழோடு சரி என்றான்.

அப்போதுதான் ஹுல்டா எழுந்தாள்.

"ஐயாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டாள்.

ஆகிவிட்டது, அதற்கும் இதற்கும் என்ன என்றான்.

"உங்க மாமனார் பேரு என்னங்கய்யா?"

டோவாராவின் வாய் கொஞ்சம் திறந்தது. திறந்தபடியே இருந்தது. அவன் பக்கத்திலும் இதே வழக்கம்தான் என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தீவுக்காரர்கள் இதில் இன்னும் கெட்டி. கழுத்திலிருந்து காது வரை அவனுக்கு ரத்தம் ஏறியது.

"ஒரே ஒரு தடவதான்" என்றாள் ஹுல்டா. "ரெண்டு நிமிஷ வேல. முழுப் பேரையும் சொல்லிருங்க."

"அது வேற விஷயம்" என்றான் டோவாரா, மெதுவாக.

"ஒண்ணும் வேற இல்ல. உங்க வாயில வராதத இவரு வாயிலேர்ந்து புடுங்கணும்னு சட்டத்துல எழுதி வச்சது யாரு? இவரு வாயால டாம்புன்னு சொல்றாரு. அந்த டாம்பு யாருன்னு கூட நின்னவங்க சொல்றாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு? நான் செத்துப் போய் எந்திரிச்சு வரணுமா?"

பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். டோவாரா குனிந்து தாளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு பேனாவை மறுபடி எடுத்து, மூத்தவரைப் பார்த்துத் தொடரும்படி தலையசைத்தான்.

மூத்தவர் தொடர்ந்தார். ஜனவரி முடிந்தது, பிப்ரவரி வந்தது. ஒவ்வொரு டாம்புவுக்கும் அவர் நிறுத்தினார், ஒவ்வொரு முறையும் கூடம் பேரைச் சொன்னது. முதலில் சிரிப்பாக இருந்தது, போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு நிலையத்து ஆட்களும் சேர்ந்து சொன்னார்கள். மார்ச் ஒன்பதாம் தேதி வந்தபோது ஹுல்டாவுக்கு அது மணிக்கட்டு தொங்கி வந்த பெண்ணைப் படகில் ஏற்றிய ராத்திரி என்று ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையில் பாதி ஆத்திரம்தான். இத்தனை பேருக்குத் தெரிந்திருந்த ஒன்றைத் தெரியாது என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்களே.

ஏப்ரல் கடைசியில் டோவாரா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இப்படியே போனால் பொழுது போதாது என்றான். மற்ற ஆறு நிலையமும் காத்திருக்கிறது. தன் பொறுப்பில் ஒரு முடிவு எடுப்பதாகச் சொன்னான். மொத்த டாம்பு ராத்திரிகளில் பாதியை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான். பியாவு முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவன் எழுந்து ஹுல்டாவின் பக்கம் வந்து, பாதி என்றாலும் ஆறாயிரத்துக்கு மேல் வரும் அக்கா, ஒத்துக்கொள் என்று கிசுகிசுத்தான்.

ஹுல்டா மூத்தவரைப் பார்க்கவில்லை, வழக்கப்படி. ஆனால் அவர் புத்தகத்தை மூடவில்லை என்பதும், விரல் வரியிலிருந்து நகரவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"நான் பாதி ராத்திரியில கதவச் சாத்திட்டுத் தூங்கப் போகல" என்றாள். "நீங்க விமானத்துக்குப் போறதுன்னா போங்கய்யா. நாளைக்கு வாங்க, நாளன்னைக்கும் வாங்க. இந்த ஆறு நிலையத்துக்காரங்களும் எங்கயும் போகல, அவங்க புத்தகத்துலயும் எத்தன டாம்பு இருக்குன்னு பாத்துருவோம். இப்ப இவரு நின்னுக்கிட்டிருக்காரு. மொதல்ல அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. இன்னும் தொண்ணூத்தி மூணே தாண்டல."

உக்குமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூத்தவர் உட்கார்ந்தார். டோவாரா ஜன்னல் வழியாகத் தன் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னான்.

"மே மாசம் ஒண்ணாம் தேதி ராத்திரி" என்று படித்தார் மூத்தவர். "டாம்பு."